ஸ்டீம் ரூமுக்குப் போன பெட்டி

நான் வேலை பார்த்த பேண்டேஜ் கம்பெனியில் இரண்டு அறைகளின் கதவு மட்டும் எப்போதும் சாத்தியே இருக்கும். ஒன்று என்னுடைய கம்ப்யூட்டர் ரூம். ஏசிக் காற்று வெளியே போய்விடக் கூடாது. இன்னொன்று என் அம்மாவின் ஸ்டீம் ரூம். சூடு வெளியே வந்துவிடக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் பேக்கிங் ஹால். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. இராஜபாளையத்தில் நூல் மில்லில் இடம் கிடைக்காத வீடுகளுக்கு இந்த மாதிரிக் கம்பெனிகள்தான் சோறு போட்டன. தறியில் காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணி நெய்து, வெளுத்து, மடித்து, ஊர் ஊராக ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புவோம்.

ஸ்டீம் ரூமில் ஓர் ஆள் படுக்கிற நீளத்துக்கு இரும்பு மெஷின் ஒன்று இருந்தது. பெட்டிகளை உள்ளே தள்ளி, கதவைத் திருகி மூடி, கிருமி சாகும்வரை ஆவி ஏற்றுவார்கள். ஒவ்வொரு பெட்டியின் மேலும் ஒரு டேப் ஒட்டியிருக்கும். அதில் வெளிறிய பட்டைகள் இருக்கும். ஆவியில் வெந்து வெளியே வரும்போது அந்தப் பட்டைகள் கறுத்துப்போயிருக்கும். கறுத்த பட்டைக்குப் பக்கத்தில், ஆவி ஏற்றியவர் தன் டோக்கன் நம்பரை நீலப் பென்சிலால் எழுத வேண்டும். பட்டை கறுக்காத பெட்டி கேட்டைத் தாண்டக் கூடாது. வாட்ச்மேன் முதற்கொண்டு எல்லோருக்கும் இது மனப்பாடம்.

அப்பா போன பிறகு அம்மா அந்த அறைக்குள் போனவள். நான் பள்ளிக்கூடம் முடித்தது, மதுரையில் கம்ப்யூட்டர் படித்தது எல்லாம் அந்த ஆவியில்தான். படித்து முடித்ததும் அதே கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தபோது தெருவே பாராட்டியது. அம்மா மட்டும் கம்பெனிக்குள் என்னைத் தெரியாதவள்போல நடந்துகொண்டாள். மற்றப் பெண்களைப்போல அவளும் என்னை 'மேடம்' என்றாள். வீட்டுக்கு வந்ததும் நான் சண்டை போடுவேன்.

“அங்ஙன நீ மேடந்தான். நாலு பேரு பாக்காங்கல்லட்டி?” என்பாள்.

அவள் கால்கள் வீங்கத் தொடங்கின. ஒருநாள் மெஷின் பக்கத்திலேயே மயங்கி விழுந்தாள். பேக்கிங் ஹால் பெண்கள் தூக்கி வந்து தண்ணீர் தெளித்தார்கள். இனிமேல் சூட்டில் நிற்கவே கூடாது என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் சொன்னார். நான் முதலாளியிடம் போய் நின்றேன். அம்மாவைப் பேக்கிங்குக்கு மாற்றினால் போதும். அங்கே உட்கார்ந்து செய்கிற வேலை, தலைக்கு மேலே மின்விசிறி. “பாப்போம்மா” என்றார். அவருடைய 'பாப்போம்' எத்தனை வருடம் போகும் என்று கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் மாநாடு வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வெளியே ஒரு கல்லூரியில், சுற்று வட்டாரத்தில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவர்கள் கூடி, தாங்கள் செய்ததைப் பேசப்போகிறார்கள் என்று தகவல் வந்தது. மாநாட்டுச் சாப்பாட்டுச் செலவை எங்கள் முதலாளி ஏற்றுக்கொண்டிருந்தார். அதனால் எங்கள் கம்பெனிக்கும் மேடையில் ஓர் இடம். நான் எழுதிய புரோகிராமை அங்கே ஓட்டிக் காட்ட வேண்டும் என்றார். ஒரு பெட்டியின் நம்பரைக் கொடுத்தால் துணி எந்தத் தறியில் நெய்தது, எப்போது வெளுத்தது, எந்த ஷிப்டில் வெந்தது, யார் கையால் வெந்தது என்று எல்லாவற்றையும் சொல்லும் புரோகிராம் அது. நாலு கம்பெனி வாங்கும் என்பது அவர் கணக்கு.

“நல்லாப் பேசிரு. மறுநாளே உங்க அம்மாவ பேக்கிங்குக்கு மாத்திருவோம்” என்றார். 'பாப்போம்' என்று சொல்லவில்லை. அதனாலேயே நம்பினேன்.

வீட்டில் நிலைக்கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பேசிப் பார்த்தேன். அம்மா சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு கேட்பாள். ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் நான் தடுமாறினால் கண்டுபிடித்துவிடுவாள். “இந்த எடத்துல முழுங்குத பாரு, நிறுத்திப் பேசு” என்பாள்.

இனி கேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாயங்காலம் வீட்டுக்குப் போகும் பெண்களின் பையைக் கேட்டில் கொட்டிப் பார்ப்பார்கள். காஸ் துணியைத் திருடிக்கொண்டு போகிறோமாம். சோற்று டப்பாவைத் திறந்து காட்ட வேண்டும். சில நாள் முந்தானையையும் உதறிக் காட்டச் சொல்வார்கள். கம்ப்யூட்டர் ரூம் மேடத்துக்கும் அதே கதிதான். முதல் மாதம் முழுக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு பழகிவிட்டது. பழகியதை நினைத்தால் இப்போது அதைவிட அதிகமாகப் பற்றிக்கொண்டு வருகிறது.

மாநாட்டுக்கு முந்தின நாள், சனிக்கிழமை, புரோகிராம் பதிந்த ஃபிளாப்பிகளை என் பையில் எடுத்துப் போகட்டுமா என்று முதலாளியிடம் கேட்டேன். ஒன்று கெட்டாலும் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டு காப்பி எடுத்து வைத்திருந்தேன்.

“அது சரிப்படாதும்மா. கேட்ல ஒருத்தருக்கு ஒரு சட்டம்னு வைக்க முடியாது. சாம்பிள் பெட்டியோட போகட்டும். என் கார்ல வந்துரும்” என்றார்.

வேறு கம்பெனிக்காரனிடம் நான் ஒரு காப்பியைக் கொடுத்துவிடுவேனோ என்ற பயம் அவருக்கு. அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. என் மண்டையில் இருந்து வந்த புரோகிராமை என் பையில் வைக்க எனக்கு அனுமதி இல்லை. சூப்பர்வைசர் இரண்டு ஃபிளாப்பிகளையும் வாங்கி, மாநாட்டில் கொடுப்பதற்கான பேண்டேஜ் சுருள்களுக்கு நடுவில் வைத்து, பெட்டியை மூடி டேப் ஒட்டினார். பேக்கிங் ஹாலில் கைக்கு எட்டுவது ஒரே டேப்தான், வெளிறிய பட்டை போட்டது. அதைத்தான் ஒட்டினார். பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு அவர் வீட்டுக்குப் போனார். நானும் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா எனக்கு முன்பே கிளம்பிக் கோயிலுக்குப் போனாள். பூசையில் எனக்காக வேண்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். நான் சித்தியிடம் இரவல் வாங்கிய பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு டவுன் பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் போய், அங்கிருந்து கல்லூரிக்கு நடந்தேன். சேலை கசங்கிவிடக் கூடாதே என்று பஸ்ஸில் உட்காரவில்லை.

ஹால் நிறைய ஆண்கள். எல்லோர் சட்டைப் பையிலும் இரண்டு பேனா. மதுரைக்காரர்கள் முன்னால், சிவகாசி அச்சாபீஸ்காரர்கள் நடுவில், படிக்கிற பையன்கள் பின்னால் என்று உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் ஒரு மூலையில், ஒரு வரிசைக்குக்கூடக் காணாது. நுழையும்போதே கையில் ஒரு பால்கோவா டப்பா கொடுத்தார்கள். எனக்கு முன்னால் பேசியவர் இங்கிலீஷில் பேசினார். அவருக்கும் வேர்த்தது, எங்களுக்கும் வேர்த்தது. நான் தமிழில் பேசப்போகிறேன் என்றதும் அமைப்பாளர் முகம் சுண்டிப்போனது.

“டெக்னிக்கல் விஷயத்தத் தமிழ்ல எப்படிம்மா பேசுவீங்க?”

“உக்காந்து கேளுங்க சார், தெரியும்” என்றேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்றைக்கு அது எனக்குக் கொஞ்சம் தெம்பாகவும் இருந்தது.

முதலாளி காரில் வந்து இறங்கி முதல் வரிசையில் உட்கார்ந்தார். டிரைவர் பெட்டியை மேடைக்குத் தூக்கி வந்து கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்தார். என்னைக் கூப்பிட்டார்கள். வணக்கம் சொல்லிவிட்டு, டேப்பைக் கிழிக்கக் கத்தரிக்கோலை எடுத்துக் குனிந்தேன்.

பட்டைகள் கறுத்திருந்தன.

பக்கத்தில் நீலப் பென்சிலால் ஒரு நம்பர் அழுத்தி எழுதியிருந்தது. அம்மாவுக்குத் தன் பெயரை எழுதுவதென்றால் கை தடுமாறும். இந்த நம்பரை மட்டும் காகிதம் கிழிகிற மாதிரி அழுத்தி எழுதுவாள். சனிக்கிழமை இரண்டாவது ஷிப்ட் அவளுடையது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பெட்டியைத் திறந்தேன். பேண்டேஜ் சுருள்கள் வெள்ளை வெளேரென்று, ஒரு குறையும் இல்லாமல் இருந்தன. நடுவில் என் ஃபிளாப்பிகள் இரண்டும் எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி சுருண்டு, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. கம்ப்யூட்டரில் அவற்றை நுழைக்கக்கூட முடியாது. இராஜபாளையத்துக்குப் போய் இன்னொரு காப்பி எடுத்து வர நேரமில்லை. மத்தியானத்துக்கு மேல் மேடை வேறு ஆட்களுக்கு என்று அமைப்பாளர் கையை விரித்துவிட்டார்.

டேப்பை உரித்து நம்பர் உள்பக்கமாக இருக்கும்படி மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். ஃபிளாப்பிகள் ஆவியில் வெந்துவிட்டன என்று ஹாலுக்குத் தூக்கிக் காட்டிவிட்டுப் பேசினேன். கம்ப்யூட்டரைத் தொடாமல், ஒரு பேண்டேஜ் சுருளைக் கையில் பிடித்துக்கொண்டு, இது எங்கேயிருந்து எங்கே போகிறது, வழியில் புரோகிராம் எதையெதைக் குறித்து வைக்கிறது, ஓர் ஆஸ்பத்திரியில் புண் சீழ்பிடித்தால் எந்தெந்தப் பெட்டிகளைத் திரும்ப வாங்க வேண்டும் என்று அது எப்படிச் சொல்லும் என்று பேசினேன். நன்றாகத்தான் பேசினேன். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. அச்சாபீஸ்காரர்கள் குறிப்பு எடுத்தார்கள். முதலாளிகூடத் தலையாட்டிக்கொண்டிருந்தார். பேக்கிங் ஹாலின் மின்விசிறிக் காற்று என் முகத்திலேயே பட்ட மாதிரி இருந்தது.

கேள்வி நேரம் வந்தது. நடு வரிசையில் இருந்து கண்ணாடி போட்ட ஒருவர் எழுந்தார்.

“மேடம், எந்தப் பெட்டிய யாரு வேக வச்சாங்கன்னு உங்க புரோகிராம் சொல்லும்னீங்க. உங்க ஃபிளாப்பிய வேக வச்சது யாருன்னு சொல்லுமா?”

ஹாலே சிரித்தது. அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. யாருக்கும் கேட்கத் தோன்றுகிற கேள்விதான். முதலாளியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “சொல்லும்மா, எனக்கும் தெரியணும்” என்றார்.

கைக்குள் டேப் வேர்வையில் ஊறிக்கொண்டிருந்தது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சிரித்து மழுப்பியிருக்கலாம். இன்னும் கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் அவர் சிரித்ததை என்னால் தாங்க முடியவில்லை.

“யாரு வேக வச்சாங்கன்னு கேக்காதீங்க சார். ஃபிளாப்பி பெட்டிக்குள்ள ஏன் போச்சுன்னு கேளுங்க” என்றேன். “எங்க கம்பெனியில பொம்பளைங்க பையத் தினமும் கேட்ல கொட்டிப் பாப்பாங்க. என் பையையுந்தான். இந்தப் புரோகிராம எழுதினது நான். அத என் பையில வச்சுக் கொண்டு வர என்னைய நம்பல. அதனால பெட்டியில போட்டு ஒட்டுனாங்க. ஒட்டுன பெட்டி வேகாம வெளிய வராது. வெந்து வந்திருக்கு. வேக வச்சவங்க அவங்க வேலையச் சரியாத்தான் பாத்திருக்காங்க.”

சிரிப்பு அடங்கிவிட்டது. பின்னால் இருந்த பையன்கள் சிலர் கை தட்டினார்கள். அவர்கள் தட்டாமல் இருந்திருக்கலாம். முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, யாரிடமும் சொல்லாமல் வெளியே போனார். அவர் செலவில் போட்ட சாப்பாட்டை அவர் சாப்பிடவில்லை. எனக்கும் இறங்கவில்லை. தைரியமாகப் பேசினீர்கள் என்று இரண்டு மூன்று பேர் வந்து சொன்னார்கள். தங்கள் ஆபீசுக்கு வா என்று யாரும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அம்மா கறிக்குழம்பு வைத்திருந்தாள். வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

“பேசிட்டியாட்டி? முழுங்காமப் பேசுனியா?”

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அப்படியே அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஓரத்துல ஒரு பெட்டி டேப்பு கறுக்காமக் கெடந்துச்சுட்டி. மாநாட்டுக்குன்னு மேல எழுதியிருந்துச்சோ என்னமோ, எனக்கு எங்க வாசிக்கத் தெரியுது? வேகாமப் போனா கேட்ல நிறுத்திருவாங்களேன்னு பாத்தேன். ஷிப்டு முடியப்போற நேரம். அது ஒண்ணுக்காகத் திரும்பவும் ஆவி ஏத்துனேன்.”

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு, “அம்புட்டுப் பேரு முன்னாடியா மொதலாளிய அப்படிச் சொன்ன? அவிய மொகத்துல எப்படிட்டி முழிக்கது?” என்றாள். நான் செய்தது தப்பென்று அவள் சொல்லவில்லை. அவளுக்குப் பயம். நான் பயப்படவில்லை. முதலாளி என்னைத்தான் வேலையை விட்டு அனுப்புவார் என்று நினைத்தேன். அனுப்பட்டும் என்றுகூட நினைத்தேன்.

திங்கட்கிழமை எங்கள் இருவரையும் ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார். அம்மா செருப்பை வெளியே விட்டுவிட்டுக் கதவோரமாக நின்றாள். அவர் வாயைத் திறக்கும் முன்பே, “மேடத்துக்கு ஒண்ணுந் தெரியாது மொதலாளி. பெட்டிய உள்ள வச்சது நாந்தான்” என்றாள்.

அவர் அவளைப் பார்க்கவே இல்லை. என்னிடம்தான் பேசினார். குரலில் கோபமே இல்லை.

“உங்க அம்மாவுக்குச் சூடு ஒத்துக்கலன்னு சொன்னேல்ல? நீ சொன்னது சரிதான். இனிமே வர வேண்டாம்னு சொல்லிரு. வீட்ல இருந்து ரெஸ்ட் எடுக்கட்டும். நீ ரூமுக்குப் போ, டெஸ்பாட்ச் நிக்குது பாரு.”

எனக்கு அப்போதுதான் புரிந்தது. என்னை அனுப்பினால் அந்தப் புரோகிராமைத் தொட அங்கே ஆள் கிடையாது. அம்மாவின் இடத்துக்கு ஆள் வேண்டுமென்றால் ஜன்னலைத் திறந்து பார்த்தால் போதும். தினமும் காலையில் கேட்டில் பெண்கள் வேலை கேட்டு நிற்பார்கள்.

“அப்ப நானும் வேலையில இருந்து நின்னுக்கிடுதேன்” என்றேன்.

“உன் இஷ்டம்மா” என்றார். நான் போனால் அந்த ஊரில் எந்தக் கம்பெனியும் என்னைச் சேர்க்காது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எல்லா முதலாளிகளும் ஒரே பந்தியில் சாப்பிடுகிறவர்கள்.

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் கை எப்போதும் சூடாகத்தான் இருக்கும். பிடித்தபடியே, அவர் முன்னிலையில், “மேடம், நீங்க போயி வேலையப் பாருங்க” என்றாள்.

போனேன். அன்றைக்கு டெஸ்பாட்ச் முழுவதையும் முடித்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகும் வெகுகாலம் அங்கேதான் வேலை பார்த்தேன். அந்த மனிதர் மேல் இருந்த ஆத்திரம் இன்றுவரை ஆறவில்லை, ஆற வேண்டும் என்று எனக்கு ஆசையும் இல்லை. சூட்டில் நிற்காததால் அம்மாவின் கால் வீக்கம் வடிந்தது. தெருவில் பார்க்கிறவர்கள், “ஒம் மக சம்பாத்தியத்துல ராணி மாதிரி இருக்க” என்பார்கள். அவளும் சிரிப்பாள். வேலையை விட்டு நிறுத்தியதை யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வாரமே ஸ்டீம் ரூமுக்குப் புது ஆள் வந்துவிட்டாள். செட்டியார்பட்டியில் இருந்து வருகிற பெண். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். நடந்ததை யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ கம்ப்யூட்டர் ரூம் கதவைத் தட்டிவிட்டு, உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள். முகமெல்லாம் வேர்வை, முந்தானையும் நனைந்திருந்தது.

“மேடம், எந்தப் பெட்டிய உள்ள வைக்கக் கூடாதுன்னு மட்டும் முன்னக்கூட்டியே சொல்லிருங்க மேடம். எனக்கு இந்த வேலைய விட்டா வேற கதி இல்ல.”

“எல்லாத்தையும் வைங்கக்கா” என்றேன். அவள் தலையாட்டிவிட்டு அந்த அறைக்குத் திரும்பிப் போனாள். நான் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஏசி சத்தத்தில் வெளியே யாருக்கும் கேட்டிருக்காது.